இரண்டு விரலுக்கு நிற்கும் கார்

சவோதாவுக்கு உட்காருவதுதான் வேலை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவளுக்கு ஒன்றும் கோபம் வராது. ஜகார்த்தாவில் சுதிர்மான் சாலை என்று ஒன்று. வங்கியும் பங்குச் சந்தையும் காப்பீட்டுக் கம்பெனியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும். காலையிலும் மாலையிலும் அதில் நுழைகிற கார் ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று தலையாவது இருக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம் அது. நெரிசல் குறையுமாம். அக்கம்பக்கத்தார் ஒரே காரில் கூடி வேலைக்குப் போவார்களாம். சட்டம் போட்டவர்களுக்கு நல்ல மனசு, வேறென்ன சொல்வது? காசுள்ளவன் எவன் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒட்டி உட்கார்ந்து போவான்? தலைதானே வேண்டும், வாடகைக்கு எடுத்தால் போயிற்று என்று முடிவு கட்டினான். அப்படி வாடகைக்குப் போன தலைகளில் ஒன்று சவோதாவுடையது.

அந்தத் தலைகளுக்கு ஊரில் ஜோக்கி என்று பெயர். குதிரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செனாயான் ரவுண்டானாவுக்கு முன்னால் சாலையோரம் வரிசையாக நிற்பார்கள். ஒரு விரலைத் தூக்கினால் ஒரு தலை கிடைக்கும் என்று அர்த்தம். இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவள் இரண்டு விரலைத் தூக்குவாள். கார் நிற்கும், ஏறுவார்கள், எல்லை தாண்டியதும் இறங்கிக் கூலி வாங்கிக்கொள்வார்கள். இதற்கிடையில் செய்ய வேண்டியது, சுத்தமாக இருப்பது, குறட்டை விடாமல் இருப்பது, காரின் சொந்தக்காரன் போனில் பெண்டாட்டியிடம் கெஞ்சுவதைக் காதில் வாங்காததுபோல ஜன்னலைப் பார்ப்பது. சவோதா பதினாலு வருஷம் இதைச் செய்தாள். அதில் கெட்டிக்காரியும்கூட. வெளுத்த ரவிக்கை, முகத்தில் அளவான பவுடர், கையில் தோல்பை. பைக்குள் ஒரு குடையையும் புதினா மிட்டாயையும் தவிர எதுவும் கிடையாது. ஆனாலும் பார்க்கிற போலீஸ்காரன், இது காரோட்டுகிறவருடைய அக்காவோ அத்தையோ என்றுதான் நினைப்பான்.

ஜோக்கிகளைப் பிடிக்க நகர ஒழுங்குப் படையின் லாரி அவ்வப்போது வரும். பிடிபட்டவர்களை ஊருக்கு வெளியே காப்பகத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். சவோதா ஒரு தடவைகூடப் பிடிபட்டதில்லை. லாரியின் சத்தம் அவளுக்கு வயிற்றிலேயே கேட்கும் என்று மற்ற ஜோக்கிகள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

இப்படி நிம்மதியாக உட்கார்ந்து பிழைத்துக்கொண்டிருந்தவளுக்கு மகளால் வந்தது வினை. மகள் ரோபியா தாங்கராங்கில் துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே மெஷின் பழுது பார்க்கும் வாஸ்கித்தோ என்ற பையனோடு மனசு ஒத்துப்போய்விட்டது. பையனின் அம்மா வொனொசொபோ மலைப் பக்கத்திலிருந்து போனில், பெண்ணின் அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். ரோபியா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"சுதிர்மான்ல வேலைங்க. உக்காந்து பாக்குற வேலை. ஏசி."

அன்றிரவு அம்மாவிடம் அவளே இதை ஒப்பித்தாள், ஏதோ பரிசு வாங்கி வந்தவளைப் போல.

"அடிப்பாவி! என்னை ஆபீசர் ஆக்கிட்டியா?" என்றாள் சவோதா.

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலையே. நீ உக்காந்துதானே இருக்கே? கார்ல ஏசி ஓடலையா?"

"ஓடுது. என் வயித்துலயும்தான் இப்ப ஏதோ ஓடுது."

"அம்மா, இதைக் கேளு. அவங்க ஊரைப் பாக்க வர்றதா சொல்லிட்டாங்க. உண்மையில நம்மளைப் பாக்கத்தான். ஜாவாக்காரங்க வேணாம்னு வாயால சொல்ல மாட்டாங்க. எதைக் கேட்டாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. பொண்ணு பொறந்த கிழமையும் சந்தை நாளும் என்னன்னு கேட்டாங்கன்னா சரின்னு அர்த்தம். பொருத்தம் பாக்க அது வேணும், அவங்களுக்கு ஏழு கிழமையோட அஞ்சு சந்தை நாளும் தனியாச் சுத்தி வரும். கேக்காமலே பஸ் ஏறிட்டாங்கன்னா, அதோட முடிஞ்சுது."

சவோதா ஜகார்த்தாவின் மண்ணுக்குச் சொந்தக்காரியான பெத்தாவிப் பெண். அவள் இனத்தில் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் சொல்கிற வித்தையெல்லாம் அவளுக்கு ஆகாது. இருந்தாலும் மகள் அந்தப் பையனின் பெயரைச் சொல்லும்போது முகம் போகிற போக்கைப் பார்த்தாள். இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

பையனின் அம்மா சுமியாத்தி வந்து இறங்கினாள். மெலிந்த உடம்பு, அழுத்திச் சீவிய கொண்டை, கணுக்கால்வரை இறுக்கிச் சுற்றிய பாத்திக் துணி. கையில் வாழை இலையில் பொதிந்த தெம்பே ஒரு கூடை நிறைய. வீட்டில் அவளே சோயாவை ஊறவைத்துப் புளிக்கவைத்துச் செய்து சந்தையில் விற்கிறவள். கெபாயோரானில் ரயில் பாதைக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டிய சந்தில் இருந்த வீட்டைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஜகார்த்தாவுல இடம் விக்கிற விலைக்கு ஆபீசருங்க எல்லாம் இப்படித்தான் இருக்காங்க, அக்கா" என்று சவோதா முந்திக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க, மேடம்" என்றாள் சுமியாத்தி.

மேடம்! சவோதாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அடுத்த இரண்டு நாளும் அதே பாட்டுத்தான். சோறு நல்லா இருக்கு, மேடம். மீன் நல்லா இருக்கு, மேடம். ரயில் போகும்போது சுவர் நடுங்குவதுகூட நல்லா இருக்கு, மேடம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். பெண் பிறந்த கிழமையை மட்டும் கேட்கவே இல்லை. ரோபியா தொழிற்சாலைக்கு விடுப்பு முடிந்து கிளம்பும்போது அம்மாவைப் பார்த்த பார்வையில் பாதி உயிர்தான் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு சுமியாத்திக்கு பஸ். அன்று விடியும்போது அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, மேடம், நீங்க வேலை பாக்குற எடத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். ஊர்ல கேப்பாங்க."

அன்றைக்குள் அந்தக் கிழமைக் கேள்வியை இந்த அம்மாள் வாயிலிருந்து வரவழைத்தாக வேண்டும். சவோதா பவுடரை வழக்கத்தைவிட ஒரு கை அதிகமாகவே பூசிக்கொண்டாள்.

"அதுக்கென்ன அக்கா, கிளம்புங்க. ஆபீஸ் கார்லயே போயிடலாம்."

ரவுண்டானாவுக்கு முன்னால், மற்ற ஜோக்கிகளைவிட்டுத் தள்ளி ஒரு மரத்தடியில் சுமியாத்தியை நிறுத்தி, இரண்டு விரலைத் தூக்கினாள். "இப்படிக் காட்டினா நம்ம கார் வந்து நிக்கும். ரெண்டு பேர் இருக்கோம்னு அர்த்தம்."

சுமியாத்தியின் கண் விரிந்தது. "எந்தக் காரா இருந்தாலுமா?"

"பெரும்பாலும்."

வந்து நின்றது பார்லினின் கார். வாடிக்கைக்காரர், வங்கியில் பெரிய வேலை. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டிவருவதால் அவருக்குத் தினமும் இரண்டு தலை தேவை. பத்தாக் இனத்தவர், பேச்சு உரக்க வரும், குறும்பும் உரக்க வரும். சவோதா ஜன்னலுக்குள் தலையை நுழைத்து அவசரமாகக் கிசுகிசுத்தாள். "சார், இன்னிக்குக் கூலி வேணாம். நான் ஆபீசர். பின்னாடி ஏறப்போறது என் பொண்ணுக்கு மாமியாரா வரவேண்டியவங்க. காட்டிக் குடுத்துடாதீங்க, புண்ணியமாப் போகும்."

பார்லின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது நல்லதுக்கில்லை என்று சவோதாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

கார் நகர்ந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், நேத்துக் கூட்டத்துல நீங்க சொன்ன யோசனையைக் கேட்டு மேலிடமே ஆடிப்போச்சு."

"அது கிடக்கட்டும், ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"சரிங்க மேடம். டாலரை இப்ப வித்துடலாமா, கொஞ்ச நாள் வெச்சிருக்கலாமான்னு எல்லாரும் உங்க வாயைத்தான் பாத்துட்டு இருக்காங்க."

பின்சீட்டில் சுமியாத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சவோதா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். அதில் மேகம் இருந்தது.

"மேகம் கலையட்டும்" என்றாள். "அப்புறம் பாத்துக்கலாம்."

"கேட்டீங்களா, அம்மா?" என்று பார்லின் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். "இப்படி ஒரு வார்த்தையில சொல்ல இந்த ஊர்ல வேற யாரால முடியும்?"

"நல்லா இருக்குங்க" என்றாள் சுமியாத்தி. குரல் மிகவும் சன்னமாக வந்தது. எல்லையில் போலீஸ்காரர் கண்ணாடியை இறக்கச் சொல்லித் தலைகளை எண்ணினார். அவருக்கும் சுமியாத்தி ஒரு கும்பிடு போட்டாள்.

பார்லின் அவர்களைத் தன் கட்டிடத்தின் அடித்தளத்தில்தான் இறக்கிவிட்டார். சவோதாவுக்கு அந்தக் கோபுரங்கள் எல்லாம் அடியிலிருந்துதான் பழக்கம். மேலே எத்தனை மாடி, எந்த மாடியில் யார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. எந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில் தொழுகை அறை விசாலம், எங்கே கழிப்பறையில் தண்ணீர் நன்றாக வரும், எந்தச் சிப்பந்தி உணவகத்தில் சோத்தோ சூப்பில் இரண்டு துண்டு கோழி கூடுதலாகக் கிடைக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். அதனால் அன்றைய சுற்றுலா முழுக்கத் தரைக்குக் கீழேயே நடந்தது.

"மேல போகலாமே, மேடம்?" என்று ஒரு தடவை மட்டும் சுமியாத்தி கேட்டாள்.

"மேல என்ன இருக்கு? எல்லாம் மேசைதான். அஸ்திவாரம் கீழதானே இருக்கு, அக்கா."

போகிற இடத்திலெல்லாம் டிரைவர்கள் எழுந்து கையசைத்தார்கள். "சவோதா அக்கா! இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டீங்க!" "அக்கா, சாப்பிட்டீங்களா?" காவலாளி ஒருவன் நெற்றியில் கை வைத்து சலாம் வைத்தான், வழக்கமான கிண்டல்தான். சோத்தோ விற்கிற பெண் மூன்றாவது துண்டையும் போட்டுக் கொடுத்தாள். சவோதா பூரித்துப்போனாள். எப்பேர்ப்பட்ட மரியாதை! இதற்கு மேல் ஒரு மாமியாருக்கு என்ன வேண்டும்? ஆனால் எதிரே இருந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டாள். சாயங்காலம் நெருங்க நெருங்க அவள் பேச்சு குறைந்துகொண்டே போனது. ஹோட்டல் முன்னால் இருந்த பெரிய நீரூற்றைக் காட்டினபோது, நல்லா இருக்கு என்பதுகூட வரவில்லை. வெறுமனே தலையை அசைத்தாள்.

சவோதாவுக்குப் புரிந்துபோயிற்று. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நாலு காசு உள்ளவள் மாதிரி நடந்துகொண்டும் பிடிக்கவில்லை. மகளுக்கு இதை எந்த வாயால் சொல்வது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

மாலை விதி தொடங்கும் நேரம். திரும்பிப் போக எதிர்ப்பக்கம் வந்து நின்றார்கள். அங்கேயும் ஜோக்கிகள் ஆங்காங்கே நின்றார்கள்.

"இருங்க அக்கா, குளிரா ரெண்டு பாட்டில் தேத்தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று சவோதா தள்ளுவண்டிக்கடைப் பக்கம் போனாள்.

பாட்டில் இரண்டும் கையில் வந்த நேரத்தில் அவள் வயிற்றில் அந்தச் சத்தம் கேட்டது. லாரி! ஜோக்கிகள் நாலா பக்கமும் சிதறினார்கள். சவோதாவின் கால்கள் யாரையும் கேட்கவில்லை. தள்ளுவண்டியைச் சுற்றி, வேலியில் உடைந்த இடத்துக்குள் புகுந்து, பாழ்மனையின் புதருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டன. அப்புறம்தான் அவளுக்குத் தான் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தது உறைத்தது. வேலிச் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள்.

சுமியாத்தி ஓடவில்லை. அந்த இறுக்கமான துணியைக் கட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. ஆனால் அவள் ஓடாததற்குக் காரணம் அது இல்லை. பாதங்களைச் சேர்த்து வைத்து, முழங்கையில் பையை மாட்டிக்கொண்டு, நடைபாதையின் விளிம்பில் நிமிர்ந்து நின்று, வருகிற லாரியை நோக்கி இரண்டு விரலை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

லாரி நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? ஒழுங்குப் படை ஏற்படுத்தப்பட்ட நாளிலிருந்து அதைக் கைகாட்டி நிறுத்தியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சீருடைக்காரர் ஒருவர் குதித்து இறங்கினார், என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, யாருக்குக் கை காட்டுறீங்க?"

"உங்களுக்குத்தான், தம்பி. நாங்க ரெண்டு பேர். இன்னொருத்தங்க தேத்தண்ணி வாங்கப் போயிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க, வந்துடுவாங்க."

"இது என்ன வண்டின்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஆபீஸ் வண்டிதானே? காலையில சின்னதா வந்துச்சு. பரவாயில்லை, எங்களுக்கு இதுவே போதும்."

புதருக்குப் பின்னால் சவோதாவுக்குச் சிரிப்பு வந்தது. இப்படியே நின்றால் பதினாலு வருஷப் பெருமை மிஞ்சும். வெளியே போனால் ஆபீசர் வேஷம் கலைந்து, கல்யாணமும் கலையும். ஆனால் அந்த மனுஷி தன்னை நம்பி, தான் சொல்லிக் கொடுத்தபடி விரலைத் தூக்கிக்கொண்டு, இன்னொருத்தி வருவாள் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். சவோதா ஒரு கெட்ட வார்த்தையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு வேலிக்குள்ளிருந்து வெளியே வந்தாள், இரண்டு கையிலும் பாட்டிலோடு.

"அந்த ரெண்டாவது ஆள் நான்தான்" என்றாள் சீருடைக்காரரிடம்.

லாரி ஏற்கனவே பாதி நிரம்பியிருந்தது. மூலையில் கொசிம் என்ற கிழட்டு ஜோக்கி. அவளைப் பார்த்ததும் பெஞ்சைத் தட்டிக் கூவினான்.

"யாரு, சவோதா அக்காவா! எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்கப்பா! ஜகார்த்தாவுலயே பிடிபடாத ஒரே ஜோக்கி! தானே நடந்து வந்து ஏறுது!"

"வாயை மூடுடா, கட்டையில போறவனே."

லாரி கிளம்பியது. சுமியாத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இடுப்புப் பிள்ளையோடு அழுகிறவள், தலையில் கைவைத்து உட்கார்ந்தவன், பின்னால் சீருடைக்காரர்கள்.

"ஜோக்கின்னா என்னங்க, மேடம்?"

இனி எதை மறைப்பது? சவோதா பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள்.

"மேடம்னு கூப்பிடாதீங்க, அக்கா. நான் ஆபீசரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காருக்கு மூணு தலை வேணும்னு சட்டம். குறையிற தலைக்கு என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. சும்மா உக்காந்துட்டு வந்தா கூலி. காலையில ஒருத்தர் பேசினாரே, அவர் என்னைக் கேலி பண்ணினாரு. டாலரை நான் கண்ணால பாத்ததுகூட இல்லை. இது நம்மளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோற வண்டி. உங்க பஸ் போயிடும். வெக்கமா இருக்கு எனக்கு. என்னை என்ன வேணா நினைச்சுக்குங்க. ரோபியா நல்ல பொண்ணு, அவளை ஒண்ணும் நினைச்சுடாதீங்க."

சுமியாத்தி பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள். தேநீரை ஒரு மடக்குக் குடித்தாள். லாரி சிக்னலில் நின்று புறப்பட்டது. இன்னொரு மடக்குக் குடித்தாள்.

"அப்ப அந்த வீடு?" என்றாள் மெதுவாக. "ஆபீசருங்க எல்லாம் அப்படித்தான் இருக்காங்கன்னீங்களே?"

"அது எங்க வீடு, அவ்வளவுதான். ஆபீசர் வீடு எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

சுமியாத்தி நீளமாக மூச்சு விட்டாள். மூன்று நாளாக விடாமல் பிடித்து வைத்திருந்த மூச்சு அது.

"நான் காலால சோயா மிதிச்சுத் தோல் உரிக்கிறவ" என்றாள். "பொண்ணோட அம்மாவுக்கு சுதிர்மான்ல ஏசி வேலைன்னு போன்ல கேட்டதிலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு. கல்யாணம்னா சபையில உங்க பக்கத்துல நான் உக்காரணுமே, என்ன பேசுவேன், எப்படிச் சாப்பிடுவேன்? உங்க மனசு நோகாம எப்படி வேணாம்னு சொல்லிட்டுப் போறதுன்னு யோசிக்கத்தான் இந்த மூணு நாளும். காலையில டாலர்ப் பேச்சு வந்துச்சு பாருங்க, அப்பவே மனசுக்குள்ள என் பையனுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் போற எடமெல்லாம் உங்களுக்கு சலாம் வேற வெக்கிறாங்க!"

சவோதா வாயைப் பிளந்து அவளைப் பார்த்தாள். இத்தனை பவுடரும் இத்தனை சோத்தோவும் கல்யாணத்தைக் கலைக்கவா உதவின?

"பொண்ணு பொறந்தது எந்தக் கிழமை, சம்பந்தி? சந்தை நாள் என்ன?"

அந்தக் கேள்வி ஒழுங்குப் படை லாரியில் வந்து சேரும் என்று யார் கண்டது? சவோதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கூடவே ஒரு பெரிய கஷ்டமும் முட்டியது. பெத்தாவிக்காரர்கள் சந்தை நாளெல்லாம் எண்ணி வைப்பதில்லை.

"அன்னைக்கு எங்க தெருவுல இடுப்பளவு வெள்ளம். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. கிழமையை எவ கண்டா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய பழைய புத்தி மெல்லத் திரும்பி வந்தது. "உங்க பையன் பொறந்தது எப்போ?"

"செவ்வாய்க் கிளிவோன்."

"அதுக்கு எது நல்லாப் பொருந்தும்?"

சுமியாத்தி விரலை மடக்கி எண்ணினாள். கொசிம் உட்பட லாரி முழுக்க அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வியாழன் பாஹிங் வந்தா ரொம்ப விசேஷம்."

"அட! அன்னைக்கேதான் பொறந்தா!" என்றாள் சவோதா.

சுமியாத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொள்ளாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "எனக்குத் தெரியாதா, சம்பந்தி? வெள்ளம் வந்த வியாழக்கிழமை."